கம்பஸ் முடிகிற நேரத்தில் மருத்துவத்தின் பக்கம் திரும்புவது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். டெங்கு நுளம்பின் குடம்பிகளைப் பற்றிய ஒரு சின்ன ஆய்வுக்காக ஏறாவூர்ப் பக்கம் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஒருவரோடு வீடு வீடாகப் போனோம். பூச்சாடித் தட்டிலும் கிணற்றடி வாளியிலும் குடம்பி தேடுவது என் வேலை. ஒரு வீட்டில் பத்து வயதுப் பிள்ளை பாயில் சுருண்டு கிடந்தது. "நாலு நாள் காய்ச்சல், இண்டைக்குத்தான் விட்டது, இனிப் பயமில்ல" என்றாள் தாய். பி.எச்.ஐ. ஐயா பிள்ளையின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு உடனே ஓட்டோ பிடிக்கச் சொன்னார். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் ஆபத்துத் தொடங்கும் என்று வழியில் எனக்கு விளங்கப்படுத்தினார். நுளம்பின் இறக்கை நரம்பு வரை எண்ணத் தெரிந்த எனக்கு அந்தப் பிள்ளையின் கை ஏன் குளிர்ந்திருந்தது என்று தெரியவில்லை. அன்றிரவு விடுதியில் நித்திரை வரவில்லை.

இன்று நான் மருத்துவ உத்தியோகத்தர். அந்த இரவுக்கும் இந்த வேலைக்கும் இடையில் பத்து வருடத்துக்கு மேல் போனது. வந்தாறுமூலையிலும் சம்மாந்துறையிலும் ஒலுவிலிலும் படிக்கிற தம்பி, தங்கைமார் "அக்கா, இப்ப மாறலாமா?" என்று கேட்கும்போது போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க ஏலாமல் இருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

முதற்படி: ஏ.எல். பெறுபேற்றுத் தாளை எடுத்து மேசையில் வையுங்கள்

கம்பஸ் மார்க்ஸை எடுக்க வேண்டாம். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) தாள்தான் வேண்டும்.

இணையத்தில் இந்த விடயத்தைத் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் அமெரிக்க நிலவரம். அங்கே பெரும்பாலும் எல்லோரும் முதலில் நான்கு வருடப் பட்டம் முடிக்கிறார்கள், அதன் பிறகுதான் நான்கு வருட மருத்துவக் கல்லூரி. வரலாறு படித்த ஒருவர்கூடக் கடைசி வருடத்தில் மனம் மாறி, உயிரியல், இரசாயனவியல், சேதன இரசாயனவியல், பௌதிகவியல் ஆகியவற்றை ஆய்வுகூடப் பயிற்சியோடு படித்து, எம்.கேற். என்ற மருத்துவ நுழைவுப் பரீட்சை எழுதி விண்ணப்பிக்கலாம். அந்தப் பரீட்சையின் புள்ளி 472 இல் தொடங்கி 528 இல் முடியும். பட்டம் முடித்த பிறகு விடுபட்ட பாடங்களை மட்டும் ஓரிரு வருடத்தில் படிப்பதற்கென்றே அங்கே கற்கைகள் உண்டு. படிக்க ஆசையாகத்தான் இருக்கும். நானும் அதைப் படித்து ஒரு மாதம் கனவில் திரிந்தேன்.

இலங்கையில் மருத்துவ பீடத்தின் கதவு ஏ.எல். உடனேயே திறந்து மூடுகிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் மட்டக்களப்பு நகரத்துப் பக்கத்தில், நாங்கள் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் வந்தாறுமூலையில் முதல் வகுப்புப் பட்டம் எடுத்தவருக்கு அந்தப் பட்டத்தை வைத்து அங்கே இடம் இல்லை. உயிரியல் பிரிவின் இசட் புள்ளிதான் (மார்க்ஸை மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தரப்படுத்திய புள்ளி) கணக்கு. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் பிரிக்கப்படுகின்றன. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்த 16 இல் அடங்கும். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று ஷை (பரீட்சை எழுதும் தடவை) மட்டுமே கணக்கில் எடுக்கப்படும்.

தாளைப் பார்த்துவிட்டு நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்.

உங்களுக்கு இன்னும் ஷை மிச்சம் இருந்தால் தனியார் பரீட்சார்த்தியாகத் திரும்ப எழுதலாம் என்று தோன்றும். அதற்கு முன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடாவருடம் வெளியிடும் அனுமதிக் கைநூலை எடுத்து, ஏற்கெனவே அரச பல்கலைக்கழகத்தில் பதிந்தவர்களுக்குரிய கட்டுப்பாடுகளை வாசியுங்கள். மூத்த பட்ச் அண்ணா சொன்னதை நம்பிப் பதிவை இரத்துச் செய்துவிட்டு, மறுகா கைநூலைத் திறந்து பார்த்து அழுத ஒருவரை எனக்குத் தெரியும்.

மூன்று ஷையும் முடிந்து, பயோவில் ஓரளவு நல்ல பெறுபேறு உள்ளவர்களுக்கு வெளிநாட்டுப் பாதை ஒன்று இருக்கிறது. நான் போன பாதை அதுதான். வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு இங்கே வேலை செய்ய இலங்கை மருத்துவ சபையில் பதிய வேண்டும். அதற்கு ஏ.எல். உயிரியல் பிரிவுப் பாடங்களில் குறைந்தது இரண்டு 'சி'யும் ஒரு 'எஸ்'ஸும் என்பது அடிப்படைத் தகுதி. எந்தப் பாடச் சேர்க்கை, எத்தனை அமர்வு என்பதை சபையின் அறிவித்தலில் வரிக்கு வரி பாருங்கள். ஒரு 'சி' குறைந்தாலும் "அங்க போனாச் சரிக்கட்டலாம்" என்று சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஆறு வருடம் படித்து, கையில் பட்டத்தோடு திரும்பி, பதிய முடியாமல் நிற்பதைவிடப் பெரிய துயரம் இந்த வழியில் வேறு இல்லை.

கணிதம், தொழினுட்பம், கலைப் பிரிவிலிருந்து வந்தவர்கள் ஏ.எல். பயோவை அடியிலிருந்து படிக்க வேண்டியிருக்கும். இரண்டு வருடமாவது போகும். 25 வயதில் அந்தப் பாடப்பரப்பை முழுதாகப் படிப்பது சின்ன விடயமில்லை. அவர்களுக்கு நான் மூன்றாம் படியில் சொல்லும் வழிகளைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

இரண்டாம் படி: வார்ட்டுக்குள் போய் நின்று பாருங்கள்

மருத்துவத்தில் ஆசை என்று வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: ஆஸ்பத்திரியில் ஓர் இரவு முழுக்க இருந்திருக்கிறீர்களா? உங்களுக்கு வருத்தம் என்று படுத்ததைக் கேட்கவில்லை. வேறொருவருக்குத் துணையாக நின்றதைக் கேட்கிறேன்.

அமெரிக்காவில் டொக்டருக்குப் பின்னால் நடந்து பார்ப்பதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. இங்கே அப்படி எழுதி வைத்த ஏற்பாடு கிடையாது. ஆனால் வழி இருக்கிறது. சொந்தத்தில் யாராவது வார்ட்டில் இருந்தால் இரவுத் துணைக்கு நீங்கள் போங்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையோ, களுவாஞ்சிக்குடியோ, கல்முனையோ, அக்கரைப்பற்றோ, எதுவானாலும் சரி. இரண்டு மணிக்குச் சேலைன் மாற்ற வருகிற தாதியைப் பாருங்கள். கட்டில் போதாமல் கீழே பாய் விரித்துக் கிடப்பவர்களைப் பாருங்கள். சிறுநீர் சேரும் பையைக் கழுவி வையுங்கள். வாந்தியைத் துடையுங்கள். செஞ்சிலுவைச் சங்கம் நடத்தும் முதலுதவிப் பயிற்சியில் சேருங்கள். கம்பஸில் இரத்ததான முகாம் நடந்தால் பெயர் பதிகிற மேசையில் போய் உட்காருங்கள்.

அம்மம்மாவின் கால் முறிந்தபோது நான் ஒன்பது இரவு நின்றேன். நான்காம் இரவு "இது எனக்கு ஏலாது" என்று தோன்றியது. ஏழாம் இரவு அடுத்த கட்டில் வயோதிபர் ஒருவருக்கு மூச்சு இழுத்தபோது, பயிற்சி டொக்டர் ஓடி வந்து செய்த ஒவ்வொன்றையும் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குப் போகும்போது முடிவு தெளிவாக இருந்தது. உங்களுக்கு மறுபக்கமாகத் தெளிந்தாலும் நல்லது. அதுவும் ஆறு வருடத்தையும், படிப்புக்காக விற்க வேண்டிவரும் வளவையும் காப்பாற்றுகிற தெளிவுதான்.

மூன்றாம் படி: டொக்டர்தானா, அல்லது நோயாளிக்கு உதவுகிற வேலையா?

எங்கள் ஊரில் சுகாதாரத் துறை என்றால் டொக்டர் மட்டும்தான் கண்ணில் படும். அதனால்தான் பிள்ளைகள் இவ்வளவு வதைபடுகிறார்கள். உங்கள் கையில் வரப்போகும் பட்டமே திறக்கும் கதவுகளை முதலில் எண்ணிப் பாருங்கள்.

என் பட்ச்சில் என்னோடு அதே நுளம்பு ஆய்வு செய்த நண்பன் ஒருவன் பூச்சியியலாளன் ஆனான். விலங்கியல் பட்டதாரிகளைச் சுகாதார அமைச்சு அந்தப் பதவிக்கு எடுக்கிறது. இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் சான்றளித்தது. அதற்குப் பின்னால் நுளம்பு பிடித்து, குடம்பி எண்ணி, வரைபடம் கீறிக்கொண்டிருந்தவர்கள் இவர்கள்தான். வெளியிலிருந்து வருகிற ஒரு மலேரியா நோயாளியால் நோய் திரும்பப் பரவாமல் இன்றைக்கும் பார்த்துக்கொள்கிறார்கள். அவன் தன் வேலையில் காப்பாற்றுகிற உயிர்களின் எண்ணிக்கையை நான் வார்ட்டில் எட்டிப்பிடிக்கப் போவதில்லை. 27 வயதில் அவன் சம்பளம் எடுத்தான். நான் அப்போது வெளிநாட்டில் எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

பௌதிகவியல் படிக்கிறவர்களுக்கு மருத்துவப் பௌதிகம் இருக்கிறது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுக் கொடுக்கும்போது எவ்வளவு அளவு, எந்தக் கோணம் என்று கணக்கிடுகிறவர் மருத்துவப் பௌதிகவியலாளர். பேராதனையில் உள்ள விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகத்தில் இதற்கு முதுமாணிக் கற்கை உண்டு. இரசாயனவியல், உயிரியல் படித்தவர்கள் நுண்ணுயிரியல், உயிரிரசாயனம், மூலக்கூற்று உயிரியல் பக்கம் முதுமாணி செய்து நோயறி ஆய்வுகூடங்களுக்குப் போகலாம். திறந்த பல்கலைக்கழகத்தில் சுகாதார விஞ்ஞான பீடம் இருக்கிறது. தாதியியல், மருந்தாக்கவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், உளவியல் எல்லாம் அங்கே கற்பிக்கிறார்கள். கலைப்பீடத்துப் பிள்ளைகள் இதில் உளவியலைக் கவனியுங்கள். யுத்தமும் 2004 சுனாமியும் கண்ட எங்கள் கரையோரத்தில் தமிழில் பேசி ஆறுதல் தரத் தெரிந்த, முறையாகப் படித்த ஆட்கள் போதாது.

தாதியர், குடும்ப நல உத்தியோகத்தர், பி.எச்.ஐ. போன்ற அரச பயிற்சிகளுக்கு ஆள் எடுக்கும்போது வர்த்தமானியில் அறிவித்தல் வரும். வயதெல்லை அதில் இருக்கும். பட்டம் முடியும்வரை காத்திருந்தால் வயது தாண்டிவிடலாம் என்பதால் இரண்டாம், மூன்றாம் வருடத்திலேயே வர்த்தமானியைப் பார்க்கத் தொடங்குங்கள். சித்த மருத்துவத்துக்குத் திருகோணமலை வளாகத்திலும் யாழ்ப்பாணத்திலும் பட்டக் கற்கை உண்டு. ஆனால் அதுவும் ஏ.எல். இசட் புள்ளி வழியாகத்தான்.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகும் "இல்லை அக்கா, எனக்கு நோயாளியின் பக்கத்தில் நின்று நானே முடிவெடுக்க வேண்டும்" என்று உங்கள் மனம் சொன்னால், தொடர்ந்து வாசியுங்கள்.

நான்காம் படி: பட்டத்தை முடியுங்கள்

இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. மூன்றரை வருடம் படித்துவிட்டு இடையில் விடாதீர்கள். "அடுத்த இன்டேக் செப்டெம்பரில், இப்ப வந்தாத்தான் இடம்" என்று வெளிநாட்டுக்கு அனுப்பும் முகவர்கள் அவசரப்படுத்துவார்கள். செப்டெம்பர் அடுத்த வருடமும் வரும். வெளிநாட்டில் இரண்டாம் வருடத்தில் காசு முடங்கினால், உடம்பு முடியாமல் போனால், ஊர் திரும்பி நிற்க உங்களுக்கு ஒரு தரை வேண்டும். விஞ்ஞானப் பட்டதாரி ஆசிரியருக்கு வாகரையிலும் திருக்கோவிலிலும் எப்போதும் தேவை உண்டு. நான் பட்டம் முடித்துப் போகும்வரை ஒரு வருடம் செங்கலடியில் ரியூசன் கொடுத்தேன். திரும்பி வந்து பதிவுப் பரீட்சைக்குப் படித்த காலத்திலும் அதே வகுப்புத்தான் எனக்குச் சாப்பாடு போட்டது.

மிச்சமிருக்கும் அரையாண்டுகளை மருத்துவத்துக்கு உதவும்படி திருப்புங்கள். தெரிவுப் பாடங்களில் உயிரிரசாயனம், நுண்ணுயிரியல், உடற்றொழிலியல், நோயெதிர்ப்பியல், மரபியல் எது கிடைத்தாலும் எடுங்கள். உயிர்ப்புள்ளிவிபரவியலை வேண்டாம் என்று விடாதீர்கள். இறுதி வருட ஆய்வுக்கு உங்கள் மேற்பார்வையாளரிடம் நோயோடு தொடர்புள்ள தலைப்பைக் கேளுங்கள். ஆங்கிலத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பக்கமாவது உடற்றொழிலியல் வாசியுங்கள். நான் வாசித்துவிட்டுப் போனதால் முதல் இரண்டு வருடம் எனக்கு இலேசாக இருந்தது. மனித உடற்கூற்றியல் மட்டும் விஞ்ஞானப் பட்டங்களில் பெரும்பாலும் வராது, அதை அங்கே போய்த்தான் பட்டுப் படிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: வயதுக் கணக்கு

ஒரு தாளில் எழுதுங்கள். 25 இல் பட்டம். 26 இல் புறப்பாடு. ரஷ்யாவிலும் சீனாவிலும் ஆறு வருடம், பங்களாதேசில் ஐந்து வருடமும் ஒரு வருட உள்ளகப் பயிற்சியும், நேபாளத்தில் பயிற்சியோடு ஐந்தரை. ஆக 32. பதிவுப் பரீட்சைக்குப் படித்து எழுதி, தவறினால் திரும்ப எழுதி, 33 அல்லது 34. உள்ளகப் பயிற்சிக் கடிதத்துக்குக் காத்திருப்பு, பிறகு ஒரு வருடப் பயிற்சி. முழுச் சம்பளத்தோடு டொக்டராக நிற்கும்போது 35. எனக்குச் சரியாக அப்படித்தான் நடந்தது.

பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கும் வரும். 28 வயதில் விடுமுறைக்கு வந்தபோது எங்கள் வீட்டு வாசலில் தரகர் உட்கார்ந்திருந்தார். சொந்தக்காரர் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். போவதற்கு முன்னமே அம்மா அப்பாவோடு இருந்து இதைப் பேசி முடிவெடுங்கள். கலியாணம் கட்டிப் போவதா, முடித்துவிட்டுக் கட்டுவதா, எதுவானாலும் வீட்டில் ஒரே பேச்சாக இருக்க வேண்டும். தூரத்தில் இருந்துகொண்டு போனில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதற்குப் பதில் சொல்வது படிப்பைவிடக் களைப்பு.

ஆறாம் படி: காசு, வளவு, தங்கை

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்கு. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் தகப்பன் வாழ்நாளெல்லாம் உழைப்பது மகளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்கத்தான். எனக்கென்று இருந்த வளவை விற்றுத்தான் நான் போனேன். அம்மா கையெழுத்து வைக்கும்போது, "புள்ள, இது உன்ர வீடு. நீ வீட்டயே கொண்டுபோறாய்" என்றா. காசு போதாமல் வந்தபோது, இடையில் நின்ற முகவர் ஒருவர் என் தங்கையின் வளவையும் ஈடு வைக்கச் சொன்னார். அப்பா அந்தப் பேச்சை எடுக்கவே விடவில்லை. சின்னவளின் வளவில் கை வைப்பதென்றால் பெரியவள் திரும்பி வரட்டும் என்றார். அன்றைக்கு எனக்குக் கோபம். இன்று அவர் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன். உங்களுடையதை விற்கலாம். தங்கையினதையும் அக்காவினதையும் தொட வேண்டாம்.

கணக்குப் போடும் முறை இது. முதலில் முழுப் படிப்புக்குமான கட்டணம், முதல் வருடத்துக்கு மட்டுமல்ல. அதோடு விடுதி, சாப்பாடு, வருடாந்த விசா, காப்புறுதி, குளிர் நாட்டுக்கு உடுப்பு, குறைந்தது மூன்று தடவை ஊர் வந்துபோகும் ரிக்கெற். பிறகு பலர் மறந்துவிடுவது: திரும்பி வந்தபின் சம்பளமில்லாமல் பரீட்சைக்குப் படிக்கும் ஒன்றரை, இரண்டு வருடம். இவை எல்லாவற்றையும் டொலரில் கூட்டி ரூபாய்க்கு மாற்றி, வரும் தொகையில் பாதியை அதற்கு மேல் வையுங்கள். ஏன் பாதி என்றால், 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய், மே மாதத்தில் 360 ரூபாய். அப்போது வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்த எங்கள் பிள்ளைகள் ஒரே சாப்பாட்டை இருவர் பிரித்துச் சாப்பிட்டார்கள். சிலர் வருடத்தை ஒத்திவைத்தார்கள், ஒருவர் திரும்பியே வந்துவிட்டார்.

மீற்றர் வட்டிக்கு (நாளுக்கு நாள் ஏறும் கடும் வட்டி) ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். வங்கிக் கல்விக்கடன் எடுப்பதென்றால் பிணை, ஈடு, தவணை தொடங்கும் காலம் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். ரஷ்ய அரசு இலங்கை மாணவருக்குப் புலமைப்பரிசில் கொடுக்கிறது, பாகிஸ்தான் புலமைப்பரிசில்களில் மருத்துவமும் வரும். இந்திய அரசின் வழமையான புலமைப்பரிசில்களில் மருத்துவம் அடங்காது என்பதால் அதற்காகக் காத்திருந்து காலம் போக்க வேண்டாம். இந்தியாவில் காசு கட்டிப் படிப்பதானாலும் வெளிநாட்டு மாணவர்கள் நீற் என்ற மருத்துவ நுழைவுப் பரீட்சை எழுத வேண்டும்.

லண்டனிலோ அவுஸ்திரேலியாவிலோ சொந்தம் இருப்பவர்கள் பட்டதாரிகளுக்கான மருத்துவ நுழைவைப் பற்றிக் கேட்பார்கள். இரண்டு நாட்டிலும் பட்டம் முடித்தவர்களுக்கு நான்கு வருடக் கற்கை உண்டு, கம்சற் போன்ற நுழைவுப் பரீட்சை எழுத வேண்டும். அங்கே வதிவிட உரிமை உள்ளவர்களுக்கு நல்ல வழி. வெளிநாட்டு மாணவராகப் போனால் அந்தக் கட்டணத்தை எங்கள் ஊர் வளவு எதுவும் தாங்காது.

ஏழாம் படி: நாட்டையும் பல்கலைக்கழகத்தையும் தேர்வது

வரிசையை மாற்றாதீர்கள். முதலில் இலங்கை மருத்துவ சபையின் அங்கீகாரப் பட்டியல். பல்கலைக்கழகத்தின் பெயர் எழுத்துப் பிசகாமல் அதில் இருக்க வேண்டும். ஒரே நகரத்தில் ஒரே மாதிரிப் பெயரோடு இரண்டு நிறுவனங்கள் இருக்கும். ஒன்று பட்டியலில் இருக்கும், மற்றது இருக்காது. அதன் பிறகு உலக மருத்துவக் கல்லூரிகளின் பொது அட்டவணையிலும் அதே பெயரைத் தேடுங்கள். பிறகு சபையிடமிருந்து உங்கள் தகுதியை எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இரவு ரெயில் ஏறிக் கொழும்புக்கு ஒரு நாள் போய்வருவது களைப்புத்தான். ஆனாலும் நீங்களே போங்கள், முகவரை அனுப்பாதீர்கள்.

சில நாடுகள் ஏ.எல். முடித்து எத்தனை வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று வரம்பு வைத்திருக்கின்றன, சிலவற்றில் வயதெல்லை உண்டு. பட்டம் முடித்துப் போகிற எங்களைப் போன்றவர்கள் இடறி விழுவது இங்கேதான். காசு கட்டும் முன் இந்தக் கேள்வியை அந்தப் பல்கலைக்கழகத்துக்கே நேரடியாக மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள்.

மொழியைப் பற்றி யாரும் உண்மை சொல்வதில்லை. ஆங்கிலத்தில்தான் கற்பிப்பார்கள், சரி. நோயாளி ஆங்கிலம் பேசமாட்டாரே! மூன்றாம் வருடத்திலிருந்து வார்ட்டில் நிற்கும்போது ரஷ்யாவில் ரஷ்ய மொழியும் சீனாவில் சீனமும் தெரியாவிட்டால் நீங்கள் சுவரோடு சாய்ந்து நிற்கிற பார்வையாளர். நான் ரஷ்யாவில் ஒரு மாகாண நகரத்தில் படித்தேன். முதல் வருடத்திலேயே விடுதிச் சமையலறைப் பாட்டிமாரோடு பேசிப் பேசி மொழியைப் பிடித்துக்கொண்டதால், நான்காம் வருடத்தில் நோயாளியிடம் வருத்த வரலாறு கேட்க என்னால் முடிந்தது. என்னோடு போன சிலருக்குக் கடைசிவரை முடியவில்லை. அவர்கள் இங்கே வந்து கிளினிக்கல் பரீட்சையில்தான் தடுமாறினார்கள்.

போவதற்கு முன் அங்கே இப்போது நான்காம், ஐந்தாம் வருடம் படிக்கும் இலங்கைப் பிள்ளைகள் மூன்று பேரோடாவது பேசுங்கள். முகவர் தருகிற நம்பர் வேண்டாம், நீங்களே தேடிப் பிடியுங்கள். கேட்க வேண்டியவை: வாரத்தில் எத்தனை நாள் ஆஸ்பத்திரி? ஒரு நோயாளிக்கு எத்தனை மாணவர்? பிரசவம் எத்தனை கண்டீர்கள்? உங்களுக்கு முந்திய பட்ச்சில் எத்தனை பேர் இங்கே பதிவுப் பரீட்சை பாஸ்?

முகவரைப் பற்றி ஒரே பந்தியில் சொல்லி முடிக்கிறேன். நான் போன முகவர் முதல் வருடக் கட்டணத்தில் விடுதியும் அடக்கம் என்றார். அங்கே போய் இறங்கியபோது விடுதிக்குத் தனியாகக் கேட்டார்கள், என்னிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை. ஆகையால் கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகக் கட்டுங்கள். முகவருக்கு அவருடைய சேவைக் கூலியை மட்டும் பற்றுச்சீட்டோடு கொடுங்கள். மூலச் சான்றிதழையும் கடவுச்சீட்டையும் யாரிடமும் விட்டு வைக்காதீர்கள்.

எட்டாம் படி: அங்கே இருக்கும்போதே இங்கத்தைய பரீட்சைக்குப் படியுங்கள்

வெளிநாட்டுப் பட்டதாரிகள் மருத்துவ சபையின் பதிவுப் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் உள்ளகப் பயிற்சிக்குப் போகலாம். எல்லோரும் ஈ.ஆர்.பி.எம். என்பார்கள், பழைய ஆட்கள் இன்னும் 'அக்ட் 16' என்பார்கள். பொது மருத்துவம், சத்திரசிகிச்சை, சிறுவர் மருத்துவம், மகப்பேறும் பெண்நோயியலும், உளமருத்துவம், சமுதாய மருத்துவம், சட்ட மருத்துவம் எல்லாம் வரும். எழுத்து மட்டும் போதாது, நோயாளிக்கு முன்னால் நின்று பரிசோதித்துக் காட்டவும் வேண்டும்.

நான் முதல் தடவை தவறினேன். காரணம் தெளிவு. ரஷ்யாவில் நான் பாம்புக்கடி ஒன்றும் பார்த்ததில்லை, டெங்கு பார்த்ததில்லை, எலிக்காய்ச்சல் பார்த்ததில்லை. நெல் விளைகிற அம்பாறையில் டொக்டராக வேலை செய்யப் போகிறவர் வயலுக்குள் இறங்கியவரின் காய்ச்சலையும் கண் மஞ்சளையும் கண்டவுடன் எலிக்காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும். விரியன் கடிக்கும் நாகம் கடிக்கும் வேறுபாடு சொல்ல வேண்டும். களைநாசினி குடித்து வருகிறவருக்கு முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்வது என்று தெரிய வேண்டும். இந்த நாட்டுத் தடுப்பூசி அட்டவணை, எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகம் இயங்கும் விதம், தாய்சேய் நலக் கிளினிக், இவையெல்லாம் எந்த வெளிநாட்டுப் புத்தகத்திலும் இல்லை. சுகாதார அமைச்சு வெளியிட்டிருக்கும் டெங்கு வழிகாட்டிக் குறிப்புகளை நான்காம் வருடத்திலேயே தரவிறக்கி வாசிக்கத் தொடங்குங்கள். கோடை விடுமுறைக்கு வரும்போது கடற்கரையில் நேரம் போக்காமல், அனுமதி பெற்று ஊர் ஆஸ்பத்திரியில் நில்லுங்கள்.

இரண்டாம் தடவைக்கு நாங்கள் நான்கு பேர் சேர்ந்து படித்தோம். இருவர் கல்முனை, ஒருவர் காத்தான்குடி, நான். கல்லடியில் ஒரு வீட்டு விறாந்தையில் பின்னேரம் நான்கு மணிக்குத் தொடங்கினால் இரவு ஒன்பது வரை. ஒருவர் நோயாளியாகப் படுப்பார், ஒருவர் பரிசோதிப்பார், மற்ற இருவர் கேள்வி கேட்பார்கள். நோயாளியிடம் தமிழில் கேட்டு, பரீட்சகருக்கு ஆங்கிலத்தில் சொல்லிப் பழகினோம். சிங்களத்திலும் வருத்த வரலாறு கேட்கப் பழகுங்கள். அம்பாறை நகரத்து வார்ட்டிலோ தெற்கில் எங்கோ ஓர் ஊரிலோ உங்களுக்குப் பயிற்சி கிடைத்தால் முதல் நாளே அது தேவைப்படும். எனக்குத் தேவைப்பட்டது.

போவதற்கு முன் ஒரு கோப்புத் தயார் செய்யுங்கள். ஏ.எல்., ஓ.எல். பெறுபேறுகளின் சான்றுப்படுத்திய பிரதி, பிறப்புச் சான்றிதழும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும், பட்டச் சான்றிதழ், பாடவாரியான மார்க்ஸ் தாள், மருத்துவ சபையின் கடிதம், பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம், கட்டிய ஒவ்வொரு பற்றுச்சீட்டும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை அம்மாவின் அலுமாரியில் வையுங்கள். எனக்கு ஆறு வருடத்துக்குப் பிறகு பதிவு நேரத்தில் ஒரு பழைய கடிதம் தேவைப்பட்டது. அம்மா அலுமாரியிலிருந்து எடுத்துத் தந்தபோது அது இன்னும் அந்த நீலக் கோப்பிலேயே, வளவு விற்ற உறுதியின் பிரதிக்குப் பக்கத்தில் இருந்தது.